வாங்க என்று கேட்காதவள்

"மந்தையில உள்ள ஆட்டு மொகம் அத்தனையும் தெரியுதாம். தாய்மாமன் மொகம் மட்டும் தெரியலையாம். இதை நம்பச் சொல்லுதீங்களா?"

இதைச் சொன்னவர் என் அம்மாவின் அண்ணன் அழகர்சாமி. சொன்ன இடம் எங்கள் வீட்டு வாசல். கேட்டுக்கொண்டு நின்றது பாதி ஊர். நான் ஆஸ்பத்திரியிலிருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்கியிருந்தேன். சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாது. அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன். எனக்கு வந்த நோயைப் பற்றி நாலு பேர் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அவர் சொன்னதை யாரும் மறந்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். அதை நான் மறைக்கவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா செம்மறி மேய்க்கிறவர். அறுப்பு முடிந்த காடுகளில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். காட்டுக்காரருக்கு உரம், எங்களுக்குக் கம்பும் சோளமும். மற்றவர்கள் கண்ணுக்குச் செம்மறி எல்லாம் ஒன்றுதான். எங்கள் ஆட்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு முகம். இரண்டு மந்தை கலந்துவிட்டால் காதுக் குறியைப் பார்த்துப் பிரிப்பவனை ஆட்டுக்காரன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முகத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். எனக்கும் அது வரும். சிலேட்டைப் பிடிக்கும் முன்பே வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். எட்டாவது முடித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, பக்கத்து ஊரில் மிஷன்காரர்கள் நடத்தும் ஆரம்பப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். மாமாவுக்கு ஆகவில்லை. "பொட்டப்பிள்ளை கையில சாக்குக்கட்டி எதுக்கு? சாணி அள்ளுத கைதான?" என்பார். ஆனாலும் தன் மகனுக்கு என்னைத்தான் நிச்சயம் செய்தார். முறைப்பெண்ணை வெளியே விட்டால் அவர் மீசைக்கு மரியாதை இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனார். நான் விடுவதாக இல்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் வந்தால், தெருவில் எதிரே ஒருவர் வந்தால், இளையவர்தான் முதலில் "வாங்க" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் பெரியவர் வாயைத் திறப்பார். சாப்பாடு போடாவிட்டாலும் மன்னித்துவிடுவார்கள். "வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்றால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அதிலும் தாய்மாமனை!

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம், பங்குனி மாதம். வகுப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கோ காய்ந்த பருத்திமார்க் குச்சி எரிகிற வாசனை வந்தது. "யாருலே தீ வச்சது?" என்று பிள்ளைகளைக் கேட்டேன். வாசனையே இல்லை என்றார்கள். மறுநாளும் அதே கருகல். அதற்குப் பிறகு தலைவலி, காய்ச்சல், வாந்தி. அம்மா வேப்பிலை அரைத்துப் பற்றுப் போட்டாள். வலிப்பு வந்த பிறகுதான் வண்டி பூட்டினார்கள். கோவில்பட்டி டாக்டர் கண்ணைத் திறந்து பார்த்து, கழுத்தை மடக்கிப் பார்த்து, "இது மூளைக் காய்ச்சல். இங்க வச்சிருக்காதீங்க. அடுத்த வண்டிக்கே மதுரை போங்க" என்றாராம். ரயிலில் அப்பா மடியில் நான் கிடந்ததும், யாரோ ஒரு மில் தொழிலாளி எழுந்து இடம் கொடுத்ததும் எல்லாம் அம்மா சொல்லித் தெரிந்தது.

மதுரை ஆஸ்பத்திரியில் முதலில் முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கிற நீர்தான் முதுகெலும்புக்குள்ளும் இறங்கி வருமாம். அது கலங்கியிருக்கிறதா என்று பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். வயிற்றுக்குள் இருக்கிற குட்டி மாதிரி முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடக்கச் சொன்னார்கள். நர்ஸ் ஒருத்தி என் தலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். குத்துகிற வலி பெரிதில்லை. ஊசி இன்னும் உள்ளேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அசையாமல் கிடக்க வேண்டுமே, அதுதான் பெரிது.

காய்ச்சல் இறங்கி நினைவு வந்த காலையில் கட்டில் பக்கத்தில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். தூக்குச்சட்டியிலிருந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். மரியாதையாகவே கேட்டேன்.

"யாரும்மா நீங்க? எங்க அம்மா எங்க?"

அவள் கையிலிருந்த டம்ளர் நழுவிவிட்டது. "ஏட்டி கோமதி, நான்தாம்ட்டி!" என்றாள். குரலைக் கேட்டதும் அம்மா என்று தெரிந்தது. ஆனால் முகத்தில் அம்மா இல்லை. கண் இருந்தது, மூக்குத்தி இருந்தது, மேலுதட்டு மச்சம் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்துப் பார்த்தால் ஆள் வரவில்லை. கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும். ஒரு காட்டு வெடிப்பும் இன்னொரு காட்டு வெடிப்பும் ஒன்றல்ல. ஆனால் வெடிப்பை மட்டும் பார்த்து இது யார் காடு என்று சொல்லச் சொன்னால்? மனித முகங்கள் எனக்கு அப்படி ஆகியிருந்தன.

முதல் பயம் படிப்பைப் பற்றித்தான். மருந்துப் புட்டியை வாங்கி அதில் ஒட்டியிருந்த காகிதத்தை வாசித்தேன். தமிழும் வந்தது, இங்கிலீஷும் வந்தது. புட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன். பிறகு நர்ஸிடம் கண்ணாடி கேட்டேன். அதற்குள் தலைமயிர் கத்தரித்த ஒரு பெண் இருந்தாள். நான் கண்ணைச் சிமிட்டியதும் அவளும் சிமிட்டினாள். அதனால் அவள் நான்தான் என்று ஒத்துக்கொண்டேன்.

மாமா வந்தது அந்த வாரம். அம்மா கீழே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஆள் வந்து நின்றார். பேசவில்லை. வேட்டி, கையில் ஒரு பை. சும்மா நின்றார். துண்டையும் செருப்புச் சத்தத்தையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க நான் அப்போது பழகியிருக்கவில்லை. நான் "வாங்க மாமா" என்று கேட்பதற்காக நின்றார் என்பது இப்போது தெரியும். ஒரு வார்த்தை, "ஏட்டி, எப்படி இருக்க?" என்று அவர் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. சாகக் கிடந்து எழுந்தவளிடமும் மரியாதை முதலில் வர வேண்டும் என்று காத்துக்கொண்டு நின்றார். வார்டு வேலையாள் என்று நினைத்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்பேனைக் காட்டி, "ரொம்ப நேரமா இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருங்க" என்றேன்.

பக்கத்துக் கட்டில் பாட்டியம்மாள் சொன்னாள்: பையைத் தரையில் வைத்தாராம், மலைவாழைப்பழம் நாலைந்து உருண்டதாம், திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாராம். அம்மா படிக்கட்டில் ஓடிப்போய்க் காலைப் பிடித்திருக்கிறாள். "உன் மக என்னைப் பீச்சட்டி தூக்கச் சொல்லுதா. படிப்பு பேசுதுட்டி, நோயில்ல" என்று உதறிவிட்டுப் போனார்.

இதைக் கேட்டு மதுரை வார்டு டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருத்தப்பட்டார். மறுநாள் மாணவர்களைக் கூட்டி வந்து என்னைச் சோதித்தார். சாவி, சீப்பு, கத்தரிக்கோல் காட்டினார். டக்டக்கென்று சொன்னேன். தலைவர்களின் படங்களைக் காட்டினார். கண்ணாடியும் கைத்தடியும் இருந்தவரைச் சொன்னேன். மற்றவர்களைத் தெரியவில்லை. கடைசியில் தன் கோட்டைக் கழற்றி ஒரு மாணவனிடம் கொடுத்து, இரண்டு பேரும் பேசாமல் நின்றார்கள். கோட்டுப் போட்டவனைப் பார்த்து "டாக்டர்" என்றேன்.

"உன் கண்ணுல ஒரு குறையும் இல்லம்மா" என்றார். "கண்ணு பார்த்ததை இது இன்னதுன்னு சொல்றது மூளை. அந்த வேலையில ஒரு பகுதியைக் காய்ச்சல் தின்னுட்டுது. அக்னோசியான்னு பேரு. பார்ப்பே, ஆனா அறியமாட்டே. சில பேருக்குப் பொருள் தெரியாமப் போகும், சில பேருக்குச் சத்தம். உனக்கு மனுஷ முகம்."

"மருந்து?"

"கிடையாது. குரல் இருக்கு, நடை இருக்கு, வாசனை இருக்கு. அதை வச்சு நீயே பழகிக்கணும்."

பொய் சொல்லாத அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எக்ஸ்ரே, ரத்தம், மறுபடி முதுகு ஊசி. ஒவ்வொன்றுக்கும் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு நாள் அம்மா வெற்றிலை வாங்கப் போய்விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரோ என்று நான் தள்ளி உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து அம்மா எங்கே போய் வந்தாலும் முதலில் என் பிடரியில் உள்ளங்கையை வைப்பாள். சுண்ணாம்பு காய்ந்த அந்தக் கை யாருடையது என்று எனக்குக் கண்ணே வேண்டாம். அப்பா அதிகம் பேசாதவர். ஆட்டுக் கழுத்து மணி ஒன்றைக் கொண்டுவந்து தன் கம்பில் கட்டிக்கொண்டு, வார்டு வாசலிலிருந்தே ஆட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியவரே, இது ஆஸ்பத்திரியா ஆட்டுக்கிடையா?" என்று நர்ஸ் சத்தம் போட்டாள்.

"எம் மகளுக்கு நான் வாரது தெரியணும்லா தாயி" என்றார். அதற்கப்புறம் அவளே கதவைத் திறந்துவிட்டாள். வார்டில் எல்லோருமே மணிச் சத்தம் கேட்டால் "கோமதி, ஒங்க அப்பா" என்பார்கள்.

நான் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அப்பா மந்தையை எங்கள் தெரு வழியாக ஓட்டி வந்தார். நான் பார்க்க வேண்டும் என்றுதான். உறவுக்காரர்கள் வாசலில் கூடியிருந்தார்கள். ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. அம்மா ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல, நான் வாங்க, வாங்க என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மந்தை தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. முதல் ஆடு தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்ததும் பெயர் வந்தது. சுழிச்சி! அடுத்தது அதன் மகள். அதற்கு அடுத்தது போன மழையில் பிறந்த இரட்டையில் மூத்தது. அத்தனையும் தெரிந்தது. மனித முகம் அழிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆட்டு முகம் அழியாமல் இருந்தது. பெயர் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டேன். சில முகங்கள் வரவேயில்லை.

"கருவாச்சி எங்கப்பா? கொம்பன் எங்க? அந்த மயிலைக் கெடா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வாங்கிய ஊசி மருந்துக்கும் ரயிலுக்கும் எவை எவை போயின என்று எனக்கு யாரும் சொல்லவே வேண்டியதில்லை.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. மாமா நிச்சயத்தைப் பற்றிப் பேசி முடிக்க வந்திருந்தாராம். நான் கருவாச்சிக்காக அழுதுகொண்டிருக்கும்போது, ஊர் முழுக்கக் கேட்கும்படி, இந்தப் பக்கத்தின் முதல் வரியில் நான் எழுதியிருப்பதைச் சொன்னார்.

ஊர் நம்பிவிட்டது. ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆட்டு முகம் தெரிகிறவளுக்கு மனித முகம் தெரியாது என்றால் ஆட்டுக்காரர் தெருவில் யார் ஒத்துக்கொள்வார்கள்? டாக்டருக்கு எழுதிக் கேட்டேன். அப்படியும் நடக்கும், மூளையில் எல்லா முகமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை போலும், அடுத்த முறை அவசியம் வா, என்று பதில் போட்டார். அதை வாசித்துக் காட்டினால், "அவளே எழுதி அவளே வாசிக்கா" என்றார்கள்.

"மாப்ளே, நிச்சயம் இத்தோட சரி" என்று மாமா அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அது எனக்கு வலிக்கவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன். அவர் நேரே பள்ளிக்கூட மேனேஜரிடம் போனார். "அவளுக்கு மண்டையில கோளாறு. ஒங்க பிள்ளைகளைத் தூக்கி வேற எவ கையிலயாச்சும் குடுத்துருவா" என்று சொல்லிவிட்டு வந்தார். திமிர் என்று ஊரில் சொன்னவர், கோளாறு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார். இரண்டில் எது என்று அவருக்கே கவலையில்லை. என் வேலை போக வேண்டும், அவ்வளவுதான்.

மன்னித்துவிடு என்று அம்மா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பைபிள் வாசிக்க வருகிற அம்மாளும் சொன்னாள். இரண்டு பேரும் நல்லவர்கள். நான் மன்னிக்கவில்லை.

ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று மேனேஜர் ஐயா வந்திருந்தார். மாமாவும் தன் ஊர்க்காரர் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்து வராந்தாவில் நின்றிருந்தார். நான் தோற்பதைப் பார்க்க சாட்சி வேண்டாமா?

"கோமதி, பிள்ளைகளை உனக்கு அடையாளம் தெரியுமா?" என்று ஐயா கேட்டார்.

"ஆளுக்கு ஒரு வார்த்தை பேசட்டும் ஐயா."

"உள்ளேன் டீச்சர்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். வராந்தாவிலிருந்து ஒரு குரல், மாமா ஊர்க்காரர் ஒருவருடையது: "கொரலை வச்சுச் சொல்லுதா. வாயைப் பொத்திக்கிட்டு நடக்கச் சொல்லுங்க, பாப்பம்."

நடந்தார்கள். ஒருத்தி காலை இழுத்து நடப்பாள். ஒருவன் சிலேட்டைத் தலையில் வைத்துக்கொண்டுதான் நடப்பான். ராத்திரியில் தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் மேல் பசை வாசனை அடிக்கும். இரண்டு பேரை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டேன். அவர்களே சிரித்துக் காட்டிக்கொடுத்தார்கள்.

"எனக்கே இதுல பாதிப் பேரைத் தெரியாது" என்றார் ஐயா. "ஆனா பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூப்பிட வாரது யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பிள்ளைக்குத் தெரியும்லா ஐயா, அதோட அம்மா யாருன்னு."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே வராந்தாவைக் காட்டினார். "கடைசியா ஒண்ணு. அங்கன நிக்கிறவங்கள்ல உன் சொந்தக்காரர் யாரு?"

போய் நின்றேன். நாலைந்து ஆண்கள். ஒருவரும் பேசவில்லை. மாமாவின் செருப்புக்கு லாடம் உண்டு, எங்கே வந்தாலும் சத்தம் கேட்கும். அன்றைக்கு எல்லோரும் வெறுங்காலில் நின்றார்கள். வழக்கமாக அவர் தோளில் கிடக்கும் பச்சைத் துண்டும் எந்தத் தோளிலும் இல்லை. எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தார். ஒருவர் மூக்கைச் சொறிந்தார். ஒருவர் வெயிலைப் பார்த்தார். ஒருவருக்குச் சிரிப்பு முட்டியது. ஒருவர் மட்டும் அசையவில்லை. தாடையைக் கொஞ்சம் தூக்கி, கையைப் பின்னால் கட்டி, எதற்கோ காத்துக்கொண்டு நின்றார்.

அந்த நிற்பை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில், என் கால்மாட்டில். ஏமாற்ற வந்த இடத்திலும் அவருக்கு "வாங்க" வேண்டியிருந்தது. துண்டை மாற்ற முடிந்தது. அதை மாற்ற முடியவில்லை.

"இவர்தான் ஐயா" என்றேன். "அழகர்சாமி. எங்க அம்மாவுக்கு அண்ணன்."

நான் இன்னும் ஓரடி முன்னால் போனேன்.

"ஆஸ்பத்திரியில ஒங்களை வாங்கன்னு கேக்கல. ஆள் தெரியாமக் கேக்கல. இன்னைக்கும் கேக்கல. இது ஆள் தெரிஞ்சு."

மாமா ஊர்க்காரர்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. அவர் கூட்டி வந்த சாட்சிகள்தானே. வெயிலைப் பார்த்தவர் மெல்ல, "மச்சான், செருப்பைப் போட்டுக்கிட்டு வாரும், போவம்" என்றார். மரத்தடியில் விட்டிருந்த செருப்பைத் தேடிக்கொண்டு அவர் போனதை, அந்த லாடச் சத்தம் ரோடு வரைக்கும் போய் மறைகிற வரையில் கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு வகுப்புக்குள் போய்க் கணக்கு எழுதினேன். வேலை நிலைத்தது.

இப்போதும் முகங்கள் வருவதில்லை. வராது என்று டாக்டர் சொன்னது சரி. கடைத்தெருவில் அப்பாவின் மணி கேட்டால்தான் அப்பா. இந்த நோய் உங்கள் வீட்டில் யாருக்காவது வந்தால், தயவுசெய்து நீங்கள் முதலில் பேசுங்கள். வேறு சிகிச்சை அதற்குக் கிடையாது.

காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் மேனேஜர் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். மாமா ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் பிரசவத்துக்குப் போகிறாள், அங்கே போக யாரும் சம்மதிக்கவில்லை, தண்ணீர் உப்பு, பஸ் கிடையாது, என்றார். "உன்னைப் போகச் சொல்ல எனக்கு மனசு வரல."

"நான் போறேன் ஐயா" என்றேன்.

அம்மா அழுதாள். "அவிய என் கூடப்பிறந்தவியட்டி" என்றாள். "நீ கேளும்மா, ஒங்க அண்ணன்தான" என்றேன். "நான் கேக்க மாட்டேன்."

தெருவில் காலியாக இருந்தது ஒரே வீடு. மாமா காலையில் கிடைக்குப் போகவும் சாயங்காலம் திரும்பவும் அந்த வீட்டு வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். நேற்று அப்பாவின் வண்டியில் என் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் லாடச் சத்தம் வந்தது. என் வாசலுக்கு நேரே வந்ததும் மெதுவானது. நின்றது. தெருவில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன். அவர் காத்திருந்தார். பிறகு நடந்தார்.

இன்றைக்குக் காலையில் நாற்காலியைத் தெருவைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.